கண்புரை அறுவை: எந்த லென்ஸ் என்பதற்கு முன் எந்தத் தூரம் என்று கேளுங்கள்

ஊசியில் நூல் கோர்க்கும்போது அம்மா கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேல் ஏற்றிவிடுவார். ஊசியை ஒன்றரைச் சாண் தூரத்தில் பிடித்தால் போதும், முதல் தடவையிலேயே நூல் நுழைந்துவிடும். 68 வயதில் இது எப்படி முடிகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு மைனஸ் 3 பவர். தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும், கிட்டத்துக்கு வெறும் கண்ணே போதும். நாற்பதைத் தாண்டினால் எல்லாரையும் பிடிக்கிற வெள்ளெழுத்து அவரையும் பிடித்துத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் கிட்டப் பொருள் தெளிந்துவிடும் என்பதால் அது அவருக்கு உறைக்கவே இல்லை.

போன வருடம் அந்த நூல் நுழைய மறுத்தது. விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார். பரிசோதனையில் இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும் என்றார்கள். அதுவரை சரி. அப்புறம் ஒரு தாளை நீட்டினார்கள்: மோனோஃபோகல், டோரிக், ஈடாஃப், மல்டிஃபோகல். இதில் எது வேண்டும்?

"இருக்கிறதுல நல்லதாப் பார்த்து வைங்க" என்றார் அம்மா.

நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆறு வருடத்துக்கு முன் அப்பாவின் கண்ணுக்கு லென்ஸ் வைத்தபோது அப்படித்தான் சொன்னேன். அதன் விளைவை இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த முறை இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் மறுபடி மறுபடி கேட்டு, ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டேன். இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கண்ணிலிருந்து வெளியே போவது என்ன?

நம் கண்ணின் மொத்தக் குவிக்கும் சக்தி சுமார் 60 டயாப்டர் (கண்ணாடிச் சீட்டில் பவர் என்று எழுதுகிற எண்ணின் அலகுதான் டயாப்டர்). அதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கண்ணின் முன்புறம் இருக்கிற கருவிழிப்படலம் செய்கிறது. மீதி ஏறத்தாழ 20 டயாப்டர்தான் உள்ளே இருக்கும் லென்ஸின் பங்கு. ஆனால் கருவிழிப்படலத்தால் முடியாத ஒன்று லென்ஸால் முடியும்: வடிவத்தை மாற்றிக்கொள்வது. தூரத்து மரத்திலிருந்து கையிலுள்ள புத்தகத்துக்குப் பார்வையைத் திருப்பினால், லென்ஸைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, லென்ஸ் கொஞ்சம் உப்பி, எழுத்து தெளிவாகிவிடும். குழந்தைகளுக்கு மூக்கு நுனி வரைகூடப் பார்வை போகும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகுகிறது. அதன் பெயர்தான் வெள்ளெழுத்து. இன்னும் வயதானால் லென்ஸிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்கி, மஞ்சளாகி, வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. அதுதான் புரை. சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மருந்துகள், புகைப்பழக்கம், கண்ணில் அடிபடுவது எல்லாம் அதைச் சீக்கிரம் கொண்டுவரும்.

அறுவையில் இந்தக் கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். தெளிவு திரும்பி வந்துவிடும். இளமையில் இருந்த அந்த வளைந்துகொடுக்கும் திறமை வராது. செயற்கை லென்ஸ் வைத்த இடத்தில் வைத்த வடிவத்திலேயே இருக்கும். கீழே சொல்லப்போகிற எல்லா வகைகளும் இந்த ஒரே இயலாமையைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வெவ்வேறு வழிகள். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செயற்கை லென்ஸ் என்பதே ஒரு பெரிய வரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் பாட்டிக்குப் புரையை எடுத்தபோது லென்ஸ் எதுவும் வைக்கவில்லை. கடைசிவரை சோடாபுட்டிக் கண்ணாடிதான். அந்தத் தடித்த கண்ணாடி எல்லாவற்றையும் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். படி இருக்கிற இடம் ஒன்று, கால் வைக்கிற இடம் ஒன்று என்று ஆகிவிடும். இத்தனைக்கும் அதற்கு வெகு காலம் முன்பே, 1949 நவம்பரில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்திவிட்டார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் சிதறிப்போன விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் உறுத்தாமல் அப்படியே கிடந்ததைக் கவனித்து, அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்தவர் அவர். முதல் நோயாளிக்கு லென்ஸ் பொருந்தியது, ஆனால் பவர் கணக்கு தப்பி, பெரிய அளவில் கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், வந்துவிட்டது. லென்ஸ் அறுவையில் பாதி வெற்றி கணக்கில் இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மி.மீ. பிசகினால் கிட்டத்தட்ட 2.5 டயாப்டர் தவறும். அதனால் அளவெடுக்கிற நாளை அறுவை நாளுக்கு நிகராக மதியுங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மோனோஃபோகல்: ஒரே தூரம், முழுத் தெளிவு

இதுதான் உலகம் முழுக்க மிக அதிகமாக வைக்கப்படுகிற லென்ஸ். ஒரே ஒரு தூரத்தில் குவியும். உள்ளே வருகிற வெளிச்சம் முழுவதையும் அந்த ஒரு தூரத்துக்கே கொடுக்கும். அதனால் மங்கலான வெளிச்சத்திலும் இரவிலும் இதன் படம்தான் எல்லாவற்றிலும் சுத்தமாக இருக்கும்.

பெரும்பாலும் அந்த ஒரு தூரத்தைத் தொலைவுக்கு வைப்பார்கள். சாலை, பேருந்துப் பலகை, எதிரில் வருகிறவர் முகம் எல்லாம் வெறும் கண்ணிலேயே தெரியும். படிக்க, போன் பார்க்க, கணக்கு எழுதக் கண்ணாடி போட வேண்டும். ஏற்கெனவே வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றமாகவே தோன்றாது.

பெரும்பாலும் என்றேன். இந்தத் தூரத்தை நாம் கேட்டு மாற்றலாம் என்பதுதான் எங்களுக்கு யாரும் தானாகச் சொல்லாத செய்தி. 40 செ.மீ.-க்குத் தெளிவு வேண்டுமென்றால் அறுவைக்குப் பிறகு மைனஸ் 2.5 மிஞ்சும்படி லென்ஸின் பவரைத் தேர்வு செய்தால் போதும். லென்ஸ் அதேதான், பவர் எண் மட்டும் வேறு. தூரத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு இது? அம்மா மாதிரி ஆயுசு முழுக்க மைனஸ் 2, மைனஸ் 3-ல் வாழ்ந்தவர்களுக்கு. அவர்களுக்கு இரண்டு கண்ணிலும் தொலைவு லென்ஸ் வைத்துவிட்டால், முதல் நாள் சன்னல் வழியாக மரத்து இலைகளைப் பார்த்துப் பரவசப்படுவார்கள். இரண்டாம் நாள் கண்ணாடியில் தன் முகத்தை நெருங்கிப் பார்த்தால் மங்கல். மாத்திரை அட்டையில் எழுத்து மங்கல். நகம் வெட்ட முடியாது. பழக்கதோஷத்தில் படிக்கும்போது இல்லாத கண்ணாடியைக் கழற்றக் கை போகும். கண்ணில் குறை என்று சொல்லிவந்தோமே, அந்த மைனஸ் பவரேதான் அவர்களுக்குக் கிட்டத்துத் தெளிவைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அறுவையோடு அதுவும் போய்விடுகிறது. கிட்டப்பார்வைக்காரர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, போகட்டும் என்று முடிவெடுத்தால் நல்லது. தெரியாமல் இழந்தால் மனசு ஆறாது.

சாதாரண மோனோஃபோகலைவிடக் கொஞ்சம் கூடுதல் வீச்சு தருகிற மேம்பட்ட மோனோஃபோகல் லென்ஸ்களும் இப்போது வந்திருக்கின்றன. தொலைவுத் தெளிவைப் பெரிதாகக் குறைக்காமல் கை நீட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் உதவும். படிக்கக் கண்ணாடி வேண்டியதுதான்.

ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு

இதற்கு மோனோவிஷன் என்று பெயர். தனி லென்ஸ் எதுவும் கிடையாது. இரண்டு கண்ணிலும் அதே மோனோஃபோகல்தான். ஓங்கிய கண்ணை, அதாவது மூளை அதிகம் நம்புகிற கண்ணை, தொலைவுக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் குறிவைக்கிறார்கள். மூளை எந்தக் கண்ணின் படம் தெளிவோ அதை முன்னே வைத்துக்கொண்டு மற்றதைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

உங்களுக்கு எது ஓங்கிய கண் என்று வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான்.

இரண்டு கண்ணுக்கும் இடையே 2 டயாப்டருக்கு மேல் வித்தியாசம் வைத்தால் ஆழத்தை உணர்கிற திறன் குறையும். படி இறங்குவது, டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, பந்து பிடிப்பது எல்லாம் கொஞ்சம் தடுமாறும். வித்தியாசத்தை 1 டயாப்டர் பக்கம் நிறுத்திக்கொண்டால், இதைக் குட்டி மோனோவிஷன் என்கிறார்கள், இந்தத் தொந்தரவு வெகுவாகக் குறைந்துவிடும். போனில் மணி பார்க்க, கணினித் திரை பார்க்க, கடிதத்தின் தலைப்பைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டியதில்லை. நீண்ட நேர வாசிப்புக்கு மட்டும் வேண்டும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம், இதை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கலாம் என்பது. ஒரு கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் நடமாடிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். புரை ரொம்ப மங்கலாக இருந்தால் ஒத்திகை தெளிவாக அமையாது, அதுவும் உண்மை. பிடிக்கவில்லை என்றாலும் நிலைமை கைமீறிப் போகாது. வித்தியாசத்தைச் சரிசெய்கிற கண்ணாடி போட்டுக்கொண்டால் இரண்டு கண்ணும் தூரத்துக்குச் சேர்ந்துவிடும்.

மல்டிஃபோகல்: அப்பாவின் கதை

"கண்ணாடியே வேண்டாம்" என்ற ஒரே வாக்கியத்தில் அன்றைக்கு நாங்கள் மயங்கிவிட்டோம். தாளில் மேலே இருந்தது அதுதான், அதனால் அதுதான் உசத்தி என்று நினைத்தோம். சொன்னது பொய்யும் இல்லை. அப்பா இன்றுவரை கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்கிறார். மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டுகிறார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை போனார். மருத்துவர் மகிழ்ந்தார், நாங்களும் மகிழ்ந்தோம்.

இரண்டாவது வாரம் இரவில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். சாவியை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எதிர்ல வர்ற ஒவ்வொரு லைட்டைச் சுத்தியும் வட்டம்டா. வட்டத்துக்குள்ள வட்டம். நடுவுல ஆள் வந்தாத் தெரியல."

அறுவையில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. அந்த லென்ஸ் வேலை செய்கிற விதமே அது. மல்டிஃபோகல் லென்ஸின் மேல் நுண்ணிய வளையங்கள் செதுக்கப்பட்டிருக்கும். உள்ளே வருகிற வெளிச்சத்தை அவை பங்கு போடுகின்றன. தூரம், கிட்டம் என்று இரண்டாகப் பிரிக்கிற பழைய வகையில் தூரத்துக்குச் சுமார் 41 சதவீதம், கிட்டத்துக்கு 41 சதவீதம் போய், மீதி 18 சதவீதம் எதற்கும் பயன்படாமல் சிதறிவிடும். இப்போது பரவலாக இருக்கிற டிரைஃபோகல் மூன்றாகப் பிரிக்கிறது. வீணாவது குறைவு, ஆனாலும் பங்கு பங்குதான்.

ஆக, நீங்கள் எதைப் பார்த்தாலும் விழித்திரையில் எப்போதும் ஒரு தெளிந்த படமும், அதன் மேலேயே மங்கலான படமும் சேர்ந்தே விழுகின்றன. பகலில் மூளை மங்கலை ஒதுக்கிவிடும். இரவில் கறுத்த பின்னணியில் ஒரு முகப்பு விளக்கு வந்தால் ஒதுக்க முடியாது. தூரக்குவியத்தில் விளக்கு புள்ளியாகத் தெரிய, கிட்டக்குவியத்தின் வழியாக வந்த அதே வெளிச்சம் பரந்து விரிந்து அதைச் சுற்றி வட்டமாக நிற்கும். இருட்டில் கண்மணி விரிவதால் வளையங்களில் கூடுதலானவை வேலைக்கு வந்துவிடும்.

எழுத்துப் பலகையில் இது ஏன் தெரியவில்லை? ஸ்நெல்லன் 1862-ல் வடிவமைத்த பலகையின் வழிவந்ததுதான் இன்றும் சுவரில் தொங்குவது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, நல்ல வெளிச்சம். நிஜ உலகம் அப்படி இல்லை. மழை நேரத்துச் சாலை, சாம்பல் படியில் சாம்பல் ஓரம், அந்தி நேரத்தில் கறுப்புச் சட்டை போட்டுக் குறுக்கே வருகிறவர். இதைப் பிரித்தறிவதற்கு மாறுபாட்டு உணர்திறன் என்று பெயர். பலகையில் கடைசி வரி படிக்கிறவருக்கும் இது குறைந்திருக்கலாம். மல்டிஃபோகல் குறைப்பது இதைத்தான்.

மூளை பழகிக்கொள்ளும் என்றார்கள், பழகவும் செய்தது. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பலருக்கு வட்டங்கள் உறுத்தாமல் போய்விடுகின்றன. அப்பாவுக்கும் தெருவிளக்கு வட்டங்கள் மறைந்தன. எதிர்வண்டி விளக்கு மட்டும் போகவில்லை. அவர் வேலை நிமித்தம் முப்பது வருடம் இரவில் வண்டி ஓட்டியவர். அதை எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இன்றைக்கு இருட்டினால் சாவி என் கையில். கண்ணாடி போட்டுப் படிப்பதில் அவருக்கு எந்தக் காலத்திலும் வருத்தம் இருந்ததில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு வலிக்கிறது. அவருக்கு வேண்டாத ஒன்றை வாங்கி, வேண்டிய ஒன்றைக் கொடுத்துவிட்டோம்.

மல்டிஃபோகல் வைத்துக்கொண்டு மிகுந்த சந்தோஷமாக இருக்கிறவர்களும் நிறையப் பேர். கண்ணாடி மூக்கில் உட்காரவே கூடாது என்று நினைக்கிறவர்கள், இரவு ஓட்டம் இல்லாதவர்கள், சின்னக் குறைகளைப் பெரிதுபடுத்தாத சுபாவக்காரர்கள். மோனோஃபோகலோடு ஒப்பிட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதுதான்: தூரப் பார்வை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று, மல்டிஃபோகலில் கண்ணாடித் தேவை குறைவு, வட்டமும் கண் கூச்சமும் அதிகம். இந்த வியாபாரம் உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

ஆனால் சில கண்களுக்கு இந்தக் கேள்வியே எழக் கூடாது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்கள், கண்நீர் அழுத்த நோயால் (குளுகோமா) கண் நரம்பு பாதித்தவர்கள், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்கள், கருவிழிப்படலம் சீரற்றவர்கள். அவர்களுக்கு மாறுபாட்டு உணர்திறன் ஏற்கெனவே குறைந்திருக்கும். இருக்கிற கொஞ்சத்தையும் பங்கு போடுகிற லென்ஸ் வேண்டாம். புரை மறைத்துக்கொண்டிருப்பதால் விழித்திரைக் கோளாறு வெளியே தெரியாமல் இருக்கலாம். மல்டிஃபோகல் என்று முடிவெடுக்கும் முன், விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கிற ஓசிடி ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

நடுவே இருக்கிற ஈடாஃப்

குவியத்தை இரண்டு மூன்று துண்டாகப் பிரிக்காமல் நீட்டி இழுத்துவைக்கிற லென்ஸ் இது. தூரமும் கணினித் தூரமும் நன்றாக இருக்கும். பொடி எழுத்துக்கு லேசான கண்ணாடி வேண்டியிருக்கும். வட்டங்கள் மல்டிஃபோகலைவிடப் பொதுவாகக் குறைவு, மோனோஃபோகலைவிடக் கொஞ்சம் கூடுதல். நாள் முழுக்கத் திரை முன் உட்காருகிறவர்களுக்கும் சமையல் மேடை, வரைபலகை என்று கை நீட்டும் தூரத்திலேயே வேலை செய்கிறவர்களுக்கும் பொருந்தும்.

சிலிண்டர் இருந்தால் டோரிக்

தாளில் டோரிக்கை ஒரு தனி வகை போலப் போட்டிருந்ததால் நான் முதலில் குழம்பினேன். மேலே சொன்ன எந்த வகையோடும் சேர்ந்து வரக்கூடிய குணம் அது. கருவிழிப்படலம் ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருந்தால் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று ஒரு எண் வரும். கருவிழிப்படலத்தில் அது 1 டயாப்டர் அளவுக்கோ அதற்கு மேலோ இருந்தால் டோரிக் பற்றி யோசிப்பது நியாயம். இல்லாவிட்டால் தொலைவு லென்ஸ் வைத்த பிறகும் தொலைவுக்கே கண்ணாடி வேண்டியிருக்கும்.

டோரிக் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். 1 டிகிரி திரும்பினால் அதன் பலனில் சுமார் 3.3 சதவீதம் போகும். 10 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, 30 டிகிரியில் முழுவதும். முதல் நாளிலேயே நன்றாகத் திரும்பிவிட்டது தெரிந்தால் மறுபடி திருத்தி வைப்பார்கள். கூடுதல் வசதிகளில் நான் யோசிக்காமல் ஆமாம் சொல்வது இது ஒன்றுக்குத்தான். எதையும் பங்கு போடாமல், இருக்கிற கோணலை நேராக்குகிறது.

நீல ஒளியை வடிகட்டும் மஞ்சள் சாயம் போட்ட லென்ஸ் விழித்திரையைக் காக்கும் என்றும் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. கெடுதலும் பெரிதாக இல்லை. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அளவெடுக்கும் நாள்

கண் உலர்ந்திருந்தால் கருவிழிப்படலத்தின் அளவு தப்பாக வரும். எரிச்சல், மணல் விழுந்த மாதிரி உறுத்தல் இருந்தால் முதலில் அதற்குச் சொட்டு மருந்து போட்டுச் சரிசெய்துவிட்டு அப்புறம் அளவெடுக்கச் சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவுக்குச் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்பது லென்ஸ் வகையைப் பொறுத்தது. முன்பு எப்போதாவது கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பழைய சீட்டு இருந்தால் கொண்டுபோங்கள். வழக்கமான சூத்திரம் அந்தக் கண்ணுக்குப் பொருந்தாது. ஆண்கள் சிறுநீர்த் தொந்தரவுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டாலும் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை (ஐரிஸ்) தொய்ந்து இடையூறு செய்யும் என்பதால் மருத்துவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருக்கச் சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய அறுவை முறையின் கணக்கு. 1967-ல் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த அல்ட்ராசவுண்ட் முறையில் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். முற்றி இறுகிய புரைதான் அதற்குக் கஷ்டம். அன்றாட வேலையை இடைஞ்சல் செய்ய ஆரம்பித்தால் அதுதான் நேரம்.

அறுவைக்குப் பின் நடக்கக்கூடிய இன்னொன்று. சில மாதமோ வருடமோ கழித்து செயற்கை லென்ஸைத் தாங்கியிருக்கும் மெல்லிய உறையின் பின்பகுதி மங்கலாகலாம். யாக் லேசரால் சில நிமிடத்தில் அதில் திறப்பு உண்டாக்குவார்கள். ஆனால் மல்டிஃபோகல் ஒத்துக்கொள்ளாமல் லென்ஸையே மாற்றும் எண்ணம் இருந்தால், அந்த லேசருக்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட வேண்டும். உறையைத் திறந்த பிறகு மாற்றுவது கடினம், ஆபத்தும் கூடும். அப்பா விஷயத்தில் இதை நாங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம்.

நானாக இருந்தால்

இரவில் வண்டி ஓட்டுகிறவர் என்றால் தொலைவுக்கு மோனோஃபோகல், கூடவே 1 டயாப்டருக்கு உள்ளே ஒரு சின்ன வித்தியாசம். எனக்கு இதைத்தான் வைத்துக்கொள்வேன். திரை முன்னால் வாழ்கிறவர், கண் ஆரோக்கியமாக இருக்கிறது என்றால் ஈடாஃப். கண்ணாடியே ஆகாது என்று உறுதியாக இருக்கிறவர், இரவு வட்டங்களைப் பற்றிப் படித்துவிட்டும் மனம் மாறாதவர், விழித்திரை சுத்தம் என்று ஸ்கேனில் வந்தவர் என்றால் மல்டிஃபோகல், தயங்காமல். விழித்திரையில் எந்தக் கோளாறு இருந்தாலும் மோனோஃபோகல்தான், பேச்சுக்கே இடமில்லை. ஆயுசு முழுக்கக் கிட்டப்பார்வையோடு வாழ்ந்து, கிட்டத்து வேலையில் மனம் வைத்தவர் என்றால் இரண்டு கண்ணுக்கும் கிட்டத்துக் குறி.

அம்மாவிடம் இதையெல்லாம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டார். தூரத்துக்குக் கண்ணாடி இல்லாமல் இருக்கலாமே, ஆசையில்லையா என்று கேட்டேன்.

"முகம் கழுவுனதும் கண்ணாடி போடுறது எனக்கு அம்பது வருஷப் பழக்கம்டா, அது ஒரு பாரமே இல்ல. ஊசியை எடுத்துட்டு கண்ணாடியைத் தேடணும்னா அதுதான் எனக்குப் பாரம்."

மருத்துவர் எத்தனை செ.மீ. வேண்டும் என்று கேட்டபோது அம்மா எண் எதுவும் சொல்லவில்லை. இடது கையில் ஊசியும் வலது கையில் நூலும் இருப்பதுபோல இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார். மருத்துவர் சிரிக்காமல் மேஜை மேலிருந்த ஸ்கேலை எடுத்துக் கண்ணிலிருந்து விரல் நுனி வரை அளந்து எழுதிக்கொண்டார். 38 செ.மீ.

வலது கண்ணுக்கு அறுவை முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம். நேற்று மாலை அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, ஊசிக்குப் பின்னால் பிடிக்கிற அந்த வெள்ளைத் துணியை மடியில் விரித்துவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும் மறு கண்ணை மூடிப் பார்ப்பதுமாக இருந்தார். புதுக் கண்ணில் அது வெள்ளை. பழைய கண்ணில் பழுப்பேறிய காகிதம். என்னைக் கூப்பிட்டு, "இத்தனை நாளா இதையா வெள்ளைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி கண்ணை மாற்றி மூடினார்.